முகம் கோடாக மாறிய காலம்: புதுச்செவ்வியல் கால செப்புத்தகட்டு உருவப்படங்கள்

பழம்பொருள் ஏலங்களின் இணையப் பக்கங்களில் 18ஆம் நூற்றாண்டு உருவப்படங்கள் அடிக்கடி விற்பனைக்கு வருகின்றன. படத்தின் கீழே ‘காலே வரைந்ததைப் பார்த்து பெர்விக் செதுக்கியது, எழுத்துக்கு முந்தைய நிலை’ என்பது போல ஒரு குறிப்பு இருக்கும். அதே படத்தின் இன்னொரு பிரதி பக்கத்திலேயே பல மடங்கு குறைந்த விலைக்குக் கிடக்கும். பார்ப்பவருக்கு மூன்று சந்தேகங்கள் வருவது இயல்பு. இதை வரைந்தவர் யார்? இது அசலா, நகலா? ஒரே படத்துக்கு எப்படி இரண்டு விலை?

மூன்றுக்கும் பதில் அந்தக் காலத்துப் பட்டறையில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 1760 முதல் 1820 வரையிலான அந்தக் காலத்தைக் கலை வரலாற்றில் புதுச்செவ்வியல் காலம் என்பார்கள். பழைய கிரேக்க, ரோமானியக் கலையின் எளிமைக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் ஐரோப்பாவைப் பிடித்து ஆட்டிய காலம் அது.

படம் பள்ளத்தில் இருக்கிறது

மரக்கட்டையில் அச்சு வெட்டும்போது வேண்டாத இடத்தைக் குடைந்து எடுத்துவிட்டு, மேட்டில் மை பூசுவோம். செப்புத்தகட்டில் கதை தலைகீழ். கோடு எங்கே வேண்டுமோ அங்கே பள்ளம் வெட்ட வேண்டும். தகடு முழுக்க மையைத் தேய்த்து, மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். அதன் மேல் ஈரக் காகிதத்தையும் கம்பளித் துணியையும் வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தினால், காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும்.

நம் செப்பேடுகளும் செம்பில் வெட்டியவைதான். ஆனால் அவை படிப்பதற்காக நேராக வெட்டப்பட்டவை. அச்சுத் தகட்டிலோ எல்லாம் இடவலம் மாறியிருக்க வேண்டும். ஓவியத்தில் வலப்பக்கம் திரும்பியிருக்கும் முகம் அச்சிலும் அப்படியே வர வேண்டுமானால், செதுக்குபவர் கண்ணாடியில் அதைப் பார்த்துத் திருப்பி வெட்டியாக வேண்டும். சிலர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் சில அச்சுகளில் ஆள் இடக்கையால் வாள் பிடித்திருப்பார்.

வெட்டும் கருவிக்குப் பெயர் பியூரின். சாய்வாகத் தீட்டிய முனையும், உள்ளங்கையில் பொருந்தும் குமிழ்ப் பிடியும் கொண்ட சிறு எஃகு உளி. இதைப் பேனாவைப் போல இழுக்க முடியாது, முன்னால் தள்ள வேண்டும். வளைகோடு வேண்டுமென்றால் கையை வளைப்பதில்லை. தோல் மெத்தை மேல் கிடக்கும் தகட்டை மறு கையால் சுழற்றுவார்கள், உளி நின்ற இடத்திலேயே நிற்கும். அழுத்தம் கூடினால் பள்ளம் ஆழமாகி, அச்சில் கோடு தடிக்கும். அழுத்தம் குறையக் குறைய கோடு மெலிந்து மறையும். முகத்தின் வளைவு முழுவதும் இந்தத் தடிப்பிலும் மெலிவிலும்தான் இருக்கிறது.

மூன்று முறைகள்

உருவப்படங்களுக்கு மூன்று முறைகள் புழக்கத்தில் இருந்தன. ஒரே முகம் மூன்றிலும் வேறு வேறு ஆளாகத் தெரியும்.

1. கோட்டு முறை. மேலே சொன்ன பியூரின் வேலை. மூன்றில் மிகக் கடினமானது, மிக மெதுவானது, மதிப்பிலும் முதலிடம். பாரிஸில் குடியேறிய ஜெர்மானியர் யோஹான் கியோர்க் வில்லெ (1715–1808) இதன் பேராசான். அவரிடம் பயின்றவர்கள் ஐரோப்பா முழுக்கப் பரவினார்கள்.

2. மெசோடின்ட். இது இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் முறை. பற்கள் கொண்ட வளைவான கருவியால் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கிவிடுவார்கள். அந்த நிலையில் அச்சிட்டால் முழுக் கறுப்பு. பிறகு நெற்றி, மூக்கு, கழுத்துப்பட்டை என்று வெளிச்சம் வேண்டிய இடங்களைச் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். 1642இல் ஜெர்மானியரான லுட்விக் ஃபொன் சீகன் தொடங்கிவைத்த இந்த முறை லண்டனில் வேரூன்றியது. பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘ஆங்கிலப் பாணி’ என்றே அழைத்தார்கள். லண்டன் ஓவியர் ரெனால்ட்ஸின் உருவப்படங்கள் ஊரெங்கும் பரவியது பெரும்பாலும் இதன் வழியாகத்தான். குறை ஒன்று: சொரசொரப்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். நல்ல பிரதிகள் சில நூறைத் தாண்டுவது அரிது.

3. ஸ்டிப்பிள் என்ற புள்ளி முறை. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருபவர் சின்ன உளியைத் தட்டித் தட்டி எழுத்தைப் புள்ளிகளால் கோப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே சங்கதிதான். அடர்ந்த புள்ளி நிழல், கலைந்த புள்ளி வெளிச்சம். கன்னத்தின் மென்மைக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. செம்பழுப்பு மையில் அச்சிட்டால் சுண்ணக்கோல் சித்திரம் போலவே இருக்கும். 1764இல் இத்தாலியிலிருந்து லண்டனுக்கு வந்த பிரான்செஸ்கோ பார்டொலோட்சி இதை ஒரு மோகமாகவே ஆக்கிவிட்டார்.

புள்ளி முறையை இங்கிலாந்தில் பரப்பிய இன்னொருவர் வில்லியம் வின் ரைலண்ட், அரசரின் செதுக்குநர். ஆங்கெலிகா காஃப்மானின் ஓவியங்களைச் செதுக்கிப் பெயர் வாங்கியவர். கிழக்கிந்திய கம்பெனி மேல் எழுதப்பட்ட உண்டியலை (பணம் தரச் சொல்லும் சீட்டை) போலியாகத் தயாரித்தார் என்ற குற்றத்துக்காக 1783 ஆகஸ்டில் லண்டன் டைபர்னில் தூக்கிலிடப்பட்டார். இன்னொருவர் கைக்கோட்டை அப்படியே போடத் தெரிவதுதான் செதுக்குநரின் தொழில் திறமை. அந்தத் திறமையே அவருக்கு எதிரான சந்தேகத்துக்கும் வலுச் சேர்த்திருக்கும்.

ஒரு கன்னத்தை அருகில் பார்த்தால்

நல்ல கோட்டு முறை உருவப்படம் ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். கன்ன எலும்பின் மேல் கோடுகளே இல்லை, வெறும் காகிதம். அங்கிருந்து தாடைப் பக்கம் இறங்கும்போது முதலில் சில புள்ளிகள். அவை நீண்டு சிறு கீற்றுகளாகின்றன. கீற்றுகள் சேர்ந்து, கன்னத்தின் உருட்சியைத் தழுவி வளையும் இணைகோடுகளாகின்றன. நிழல் கூடும் இடத்தில் இன்னொரு வரிசைக் கோடுகள் குறுக்கே ஓடுகின்றன. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் சாய்சதுரக் கட்டங்கள் உருவாகின்றன. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரே ஒரு புள்ளி.

இந்தக் கட்டமும் புள்ளியும் சேர்ந்த வலைதான் அந்தக் காலச் செதுக்குநரின் இலக்கணம். தோலுக்கு ஒரு வலை, பட்டுக்கு நெருக்கமான நீள்கோடு, வெல்வெட்டுக்குக் குட்டையான அடர்கோடு, முடிக்குப் புரியாய் ஓடும் கோடு. ஓவியரிடம் சிவப்பும் நீலமும் இருந்தன. இவரிடம் இருந்தது கறுப்பு மையும் வெள்ளைக் காகிதமும் மட்டுமே. சிவப்புப் பட்டுத் துணியையும் நீலப் பட்டுத் துணியையும் வேறுபடுத்திக் காட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டமைப்பை அவரே யோசித்துப் பிடிக்க வேண்டும். இதை நகலெடுத்தல் என்று சொல்வது, கவிதை மொழிபெயர்ப்பாளரை எழுத்தர் என்று சொல்வதற்குச் சமம்.

புதுச்செவ்வியலுக்கு ஏன் கோடு பிடித்தது

1738இல் ஹெர்குலேனியத்திலும் 1748இல் பொம்பெயிலும் அகழாய்வு தொடங்கியது. 1755இல் ஜெர்மானிய அறிஞர் வின்கெல்மான் கிரேக்கக் கலையின் இலக்கணத்தை ‘உயர்ந்த எளிமை, அமைதியான பெருமை’ என்று வகுத்தார். அதன்பின் வண்ணத்தின் பளபளப்பு இரண்டாம் இடத்துக்குப் போனது. உருவத்தின் எல்லைக்கோடு முன்னால் வந்தது. கோட்டையே உயிராகக் கொண்ட செதுக்குக் கலைக்கு இதைவிட நல்ல காலம் வாய்த்திருக்காது. 1764இல் ரோமில் வின்கெல்மானை ஓவியமாக வரைந்தவர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஆங்கெலிகா காஃப்மான். அந்த ஓவியத்தை அவரே செப்புத்தகட்டில் அமில அரிப்பு முறையில் அச்சுப்படமாகவும் ஆக்கினார்.

ரசனை மாறியதும் உருவப்படத்தின் சட்டகமும் மாறியது. பழைய ரோமானிய நாணயங்களிலும் கல்லில் வெட்டிய முத்திரைகளிலும் முகம் பக்கவாட்டில் இருக்கும். அதைப் பார்த்து, வட்டத்துக்குள் பக்கவாட்டு முகம் என்ற வடிவம் நிலைபெற்றது. பாரிஸில் கோஷான் இப்படிப் பலரை வரைந்தார். நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் எல்லாம் ஒரே கோட்டில் ஓட, பின்னால் வெறுமை. பட்டுத் திரைச்சீலையும் தூணும் நாய்க்குட்டியும் கொண்ட பழைய தர்பார் படங்களின் பக்கத்தில் வைத்தால் இவை சந்நியாசம் வாங்கிக்கொண்டவை போலத் தெரியும்.

இதற்கு ஒரு பழங்கதையும் துணை நின்றது. ரோமானிய எழுத்தாளர் பிளினி சொன்னது: கொரிந்து நகரத்துக் குயவர் ஒருவரின் மகள், ஊரை விட்டுப் போகும் காதலனின் நிழல் விளக்கொளியில் சுவரில் விழ, அதன் விளிம்பைக் கோடாக வரைந்து வைத்தாளாம். உருவம் பிறந்தது அந்தக் கோட்டில்தான் என்கிறது கதை. 1770களிலும் 80களிலும் ஓவியர்கள் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள்.

அந்தக் கோட்டை விஞ்ஞானமாகவே ஆக்கப் பார்த்தவரும் உண்டு. சூரிச் நகரத்துப் பாதிரியார் லாவாட்டர் 1775 முதல் 1778 வரை நான்கு பெருந்தொகுதிகளில், மூக்கின் சாய்விலும் நெற்றியின் வளைவிலும் மனிதரின் குணம் எழுதியிருக்கிறது என்று வாதாடினார். அந்த வாதத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை. சாமுத்திரிகா லட்சணத்துக்கு ஐரோப்பியக் கோட்டு மாட்டியது போலத்தான். ஆனால் தொகுதிகள் நிறைய அச்சுப்படங்கள், அதைப் படித்தவர்களுக்கோ தங்கள் பக்கவாட்டு முகத்தைப் பார்க்கும் ஆசை.

பிசியோநோட்ரேஸ்: முகத்தைப் பிடிக்கும் சட்டம்

ஆசை இருந்தால் சந்தை வரும். 1780களின் நடுவில் பிரெஞ்சு இசைக்கலைஞர் ழில் லூயி கிரெத்தியான் பிசியோநோட்ரேஸ் என்ற கருவியை உருவாக்கினார்.

அது ஆள் உயர மரச்சட்டம். பக்கவாட்டில் முகம் தெரியும்படி வாடிக்கையாளர் உட்காருவார். கருவியை இயக்குபவர் ஒரு துளை வழியாகப் பார்த்து, குறிமுனையை முகத்தின் விளிம்போடு நகர்த்துவார். அதோடு இணைந்த மூட்டுச் சட்டங்கள் அசைய, மறுமுனையில் உள்ள கரிக்கோல் காகிதத்தில் முகத்தின் முழு அளவுக் கோட்டை வரையும். உட்கார வேண்டியது சில நிமிடங்களே. பிறகு அந்தப் பெரிய கோட்டை அதே தத்துவத்தில் இயங்கும் இன்னொரு கருவியால் சில அங்குல வட்டத்துக்குச் சுருக்கித் தகட்டில் ஏற்றி, நிழல் கொடுத்துச் செதுக்குவார்கள். தகடும் ஒரு கட்டு அச்சுப்பிரதிகளும் வாடிக்கையாளருக்கு.

1789இல் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், கிரெத்தியானின் முன்னாள் கூட்டாளி கெனெடேயிடம் போய் இப்படித் தன் முகத்தைப் பிடித்துக்கொண்டார். புரட்சியில் சொத்திழந்து 1793இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிரெஞ்சுப் பிரபு சேன் மெமன், அங்கே இதையே பிழைப்பாக்கிக்கொண்டார். முழு அளவுச் சித்திரம், செதுக்கிய தகடு, 12 அச்சுப்பிரதிகள், எல்லாம் சேர்த்து ஆண்களுக்கு 25 டாலர், பெண்களுக்கு 35. ஊர் ஊராகப் போய் எண்ணூறுக்கும் மேற்பட்ட முகங்களைச் செதுக்கினார்.

அதுவரை செப்புத்தகட்டில் முகம் ஏற வேண்டுமென்றால் அரசராகவோ தளபதியாகவோ பேரறிஞராகவோ இருக்க வேண்டும். இப்போது கடைக்காரரும் அவர் மனைவியும் ரோமானிய நாணயத்துச் சீசரைப் போல வட்டத்துக்குள் உட்கார்ந்தார்கள்.

முகம் ஆளை முந்திப் போனது

இதன் விளைவை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பிரான்சில் தூதராக இருந்த அவரது முகம் அச்சுப்படங்களிலும் சுடுமண் பதக்கங்களிலும் பெருகிக் கிடந்தது. 1779இல் மகளுக்கு எழுதிய கடிதத்தில், உன் அப்பாவின் முகம் நிலாவைப் போல எல்லோருக்கும் தெரிந்ததாகிவிட்டது, இனி தப்பியோட வேண்டிய காரியம் எதையும் செய்ய முடியாது என்ற பொருளில் வேடிக்கையாகக் குறிப்பிட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த வேடிக்கை பிரெஞ்சு அரசருக்குப் பலித்தது. 1791 ஜூனில் பதினாறாம் லூயி மாறுவேடத்தில் குடும்பத்தோடு பாரிஸிலிருந்து தப்பினார். வழியில் சேன்த் மெனூ என்ற ஊரில் அஞ்சல் குதிரை நிலையத்தை நடத்திய ட்ரூவே வண்டிக்குள் இருந்தவரைக் கவனித்தார். கையிலிருந்த 50 லிவ்ர் காகிதப் பணத்தில் அச்சாகியிருந்த முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததாகப் பின்னர் சாட்சியம் சொன்னார். அதே பயணத்தில் வரென் என்ற ஊரில் அரசர் பிடிபட்டார்.

அதே லூயியின் முகத்தில்தான் அந்தக் காலக் கோட்டுமுறையின் உச்சமும் இருக்கிறது. வில்லெயின் மாணவர் சார்ல் கிளெமாந்த் பெர்விக், காலே வரைந்த முழு உருவ ஓவியத்தைச் செதுக்கி 1790இல் முடித்தார். முடிசூட்டு விழா அங்கி, கீரித்தோல் விளிம்பு, பட்டு, சரிகை என்று ஒவ்வொரு துணிக்கும் ஒரு கோட்டமைப்பு. நியாயமாகப் பார்த்தால் இந்தப் படத்தின் தோரணையில் புதுச்செவ்வியல் எதுவும் இல்லை, பழைய ராஜ ஆடம்பரம்தான். புதுச்செவ்வியல் இருப்பது கையில், ஒரு கோடுகூடத் தடுமாறாத அந்தக் கட்டுப்பாட்டில். நேரம்தான் வாய்க்கவில்லை. அரசர் 1793 ஜனவரியில் கில்லட்டினுக்குப் போனார். புரட்சியின் கொந்தளிப்பில் தகடும் இரண்டாக உடைக்கப்பட்டது. அதற்கு முன் எடுத்த பிரதிகளுக்கு இன்று தனி மதிப்பு.

யாருடைய படைப்பு?

முதல் கேள்விக்கு நாட்டுக்கு நாடு வேறு பதில் இருந்தது. பிரான்சில் 1660லேயே பதினான்காம் லூயி அரசாணை ஒன்றின் வழியாகச் செதுக்குக் கலையைக் கைவினைச் சங்கக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து, சுதந்திரக் கலையாக அறிவித்திருந்தார். லண்டனில் 1768இல் கலைஞர்களின் அமைப்பான ராயல் அகாடமி தொடங்கியபோது செதுக்குநர்களுக்கு உறுப்பினர் இடம் இல்லை. பார்டொலோட்சி உள்ளே போனது ஓவியர் என்ற கணக்கில். லண்டனின் முன்னணிக் கோட்டுமுறைக் கலைஞரான ராபர்ட் ஸ்ட்ரேஞ்ச் இந்த அவமதிப்பைக் கண்டித்து 1775இல் நூலே வெளியிட்டார். ஒரு செதுக்குநர் அங்கே முழு உறுப்பினராக 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் அகாடமியை முந்திக்கொண்டது. ஓவியரும் செதுக்குநருமான ஹோகார்த்தின் முயற்சியால் 1735இல் வந்த ஆங்கிலச் சட்டம் சொந்தக் கற்பனையில் உருவான அச்சுப்படங்களுக்கு 14 ஆண்டு உரிமை தந்தது. 1767இல் அமலான திருத்தம் அதை 28 ஆண்டாக்கி, பிறர் ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கிய உருவப்படங்களுக்கும் விரித்தது. ஓவியருக்கு இதில் என்ன பங்கு என்பது வேறு சண்டை. கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்த வாஷிங்டன் ஓவியத்தை லண்டனில் ஜேம்ஸ் ஹீத் செதுக்கி 1800இல் வெளியிட்டார். ஸ்டூவர்ட்டின் அனுமதி பெறவில்லை. போதாததற்கு, படத்தின் கீழே அவர் பெயரையும் ‘கேப்ரியல் ஸ்டூவர்ட்’ என்று தப்பாகப் போட்டிருந்தார்கள்.

கையில் ஒரு பிரதி வந்தால்

இனி ஏலக் குறிப்புக்குத் திரும்பலாம். பார்க்க வேண்டியவை இவை:

1. அடியில் உள்ள லத்தீன் சொற்கள். ‘பின்க்ஸிட்’ என்றால் ஓவியம் வரைந்தவர், பொதுவாக இடப்பக்கம் இருக்கும். ‘ஸ்கல்ப்சிட்’ என்றால் செதுக்கியவர், வலப்பக்கம். ‘எக்ஸ்கூடிட்’ என்றால் வெளியிட்டவர். ஆங்கிலேயப் பிரதிகளில் ‘சட்டம் சொல்லும்படி வெளியிடப்பட்டது’ என்ற வாசகத்தோடு தேதியும் கடை முகவரியும் இருக்கும். காலத்தைக் கணிக்க அதுவே போதும்.

2. நிலை. செதுக்கும்போது இடையிடையே அச்செடுத்துப் பார்ப்பார்கள். தகட்டில் மாற்றம் செய்தபின் எடுக்கும் பிரதிகள் அடுத்த ‘நிலை’. பெயர் வரி வெட்டுவதற்கு முன் எடுத்தவைதான் ‘எழுத்துக்கு முந்தைய’ பிரதிகள். அவை எண்ணிக்கையில் குறைவு, தகடும் அப்போது புதிது. விலை வித்தியாசத்துக்கு முதல் காரணம் இதுதான்.

3. தகட்டுத் தடம். உருளையின் அழுத்தத்தில் தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதிந்து நாற்புறமும் பள்ளக்கோடாகத் தெரியும். அது இல்லையென்றால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். 1769இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற ஆங்கிலப் பாதிரியார் இங்கிலாந்துப் பிரமுகர்களின் உருவப்படங்களைப் பட்டியலிட்டு ஒரு வரலாற்று நூல் வெளியிட்டார். அதைப் பார்த்துப் படம் சேர்க்கும் பைத்தியம் கிளம்பியது. பழைய புத்தகங்களிலிருந்து முகப்புப் படங்களைக் கிழித்து, ஓரத்தை நறுக்கி, வேறு ஏட்டில் ஒட்டினார்கள். தடம் இல்லாத பிரதிகள் பல அப்படி நறுக்கப்பட்டவை.

4. உருப்பெருக்கியில் தெரியும் புள்ளி. ஒரே சீராக, கட்டம் போட்டது போல வரிசையாக நின்றால் அது பிற்கால இயந்திர அச்சு. கையால் வெட்டிய புள்ளிகள் அளவிலும் இடைவெளியிலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. மை காகிதத்தின் மேல் மெல்லிய மேடாக நிற்கும். புது 500 ரூபாய் நோட்டில் காந்தி படத்தின் மேல் விரலை ஓட்டினால் தட்டுப்படும் அதே மேடுதான். பணத்தாளில் அந்தப் படமும் பள்ளத்திலிருந்து மை எடுக்கும் முறையில் அச்சிடப்படுகிறது.

5. பின்னால் அச்சிட்டவை. தகடு பிழைத்திருந்தால் நூறு ஆண்டு கழித்தும் அச்செடுக்கலாம். பாரிஸில் 1797இல் தொடங்கிய லூவ்ர் அருங்காட்சியகத்தின் செப்புத்தகட்டு நிலையம் ஆயிரக்கணக்கான பழைய தகடுகளைப் பாதுகாத்து, அவற்றிலிருந்து எடுத்த பிரதிகளை இன்றும் விற்கிறது. தகடு அசல், செதுக்கிய கை அசல், காகிதமும் மையும் மட்டும் புதியவை. இப்படிப்பட்ட பிரதியைப் போலி என்று சொல்ல முடியாது, பழையது என்றும் விற்கக் கூடாது. விற்பவர் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, நீரெழுத்து இருக்கிறதா, எந்த ஆலையினுடையது என்று பாருங்கள்.